இறங்கத் தெரிய வேண்டும்

“மழை பெய்தால் போட்டியை நிறுத்திவிடுவார்களா?”

நான் சைக்கிள் போட்டிகளுக்குப் போகிறேன் என்று தெரிந்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கிரிக்கெட் என்றால் தூறல் விழுந்ததும் ஆடுகளத்தை மூடிவிடுவார்கள். பூப்பந்துக்குக் கூரை உண்டு. சாலை சைக்கிள் போட்டிக்கு இரண்டும் இல்லை. இடி மின்னல் கடுமையாக இருந்தாலோ, மண் சரிந்து சாலை அடைபட்டாலோ ஏற்பாட்டுக் குழு நிறுத்தும். வெறும் மழைக்கு நிறுத்துவதில்லை. ஓட்டுவதா, இறங்குவதா என்பதை அவரவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அப்படி ஒரு முடிவை எடுக்கத் தெரியாமல் நான் தடுமாறிய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். தப்பு என் மேல் என்பதால் கொஞ்சம் கூச்சம். ஆனால், வார இறுதியில் சைக்கிள் ஓட்டும் நம் இளைஞர்கள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

என் மனைவியின் தம்பிக்கு 24 வயது. சைபர்ஜெயாவில் முதல் வேலை. நாள் முழுக்கக் கணினி முன்னால். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, “மச்சான், உடம்பு வைக்குது, பார்த்துக்கோ” என்று சொல்லி அவனைச் சைக்கிளுக்கு இழுத்து வந்தவன் நான்தான். முதல் மாதம் புத்ராஜெயா ஏரியைச் சுற்றவே மூச்சு வாங்கினான். ஆறு மாதத்தில் மலையேற்றத்தில் என்னைத் தாண்டிப் போகத் தொடங்கினான். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள். மேட்டைக் கண்டால் அவனுக்கு உற்சாகம். என்னைப் போன்ற நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மேடு என்றால் கணக்கு. எவ்வளவு தூரம் பாக்கி, எத்தனை நிமிடம், இந்த மூச்சு அதுவரை தாங்குமா என்ற கணக்கு.

ஹுலு லங்காட்டில் தொடங்கி, கெந்திங் பெராஸ் மலையேறி, மறுபக்கம் இறங்கி, ஜெலெபு வட்டாரத்தில் முடிகிற ஒரு போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்தோம். பெரிய போட்டி இல்லை. வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் கலந்துகொள்ளும் அமெச்சூர் போட்டி. ஆனாலும் சட்டையின் முதுகில் எண் குத்திவிட்டால் போட்டி போட்டிதான்.

சிலாங்கூருக்கும் நெகிரி செம்பிலானுக்கும் எல்லை போடுகிற மலை அது. பத்து 18 தாண்டி, சுங்கை லூய் பக்கம் போகும் சாலையைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் சைக்கிளோட்டிகள் எல்லாருக்கும் தெரியும். கடுமையான செங்குத்து கிடையாது. ஆனால் விடாமல் ஏறும். இரண்டு பக்கமும் காடு. உச்சியில் மாநில எல்லை. அதற்கப்பால் தித்தி, கோலக் கிளாவாங் பக்கம் சரியும் இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு.

மச்சானின் சைக்கிள் பழையது, இன்னொருவரிடமிருந்து வாங்கியது. அதற்கு ரிம் பிரேக். அதாவது, பிரேக் கட்டைகள் இரண்டு பக்கமும் சக்கரத்தின் விளிம்பையே கவ்விப் பிடிக்கும் பழைய முறை. என்னுடையது டிஸ்க் பிரேக். புது சைக்கிள் வாங்கியபோது, என் பழைய சைக்கிளில் இருந்த கார்பன் சக்கரங்களை விற்காமல் ஸ்டோர் அறையில் வைத்திருந்தேன். எடை குறைவு, காற்றை நன்றாகக் கிழிக்கும், பார்க்கவும் அழகு. போட்டிக்கு முந்தின வாரம், “இதைப் போட்டுக்கோ, மலையில் பறப்பே” என்று அவனிடம் கொடுத்தேன். கார்பனுக்கு உரிய பிரேக் கட்டைகளையும் நானே மாட்டிக் கொடுத்தேன். அவன் முகத்தில் அன்று வந்த சந்தோஷம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

சனிக்கிழமை இரவு மாமியார் வீட்டில்தான் சாப்பாடு. கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்து, “மாப்பிள்ளை, அவன் கொஞ்சம் வேகக்காரன். நீங்கதான் பார்த்துக்கணும்” என்றார். “நான் பக்கத்துலயே இருக்கேன் அத்தை” என்றேன். மலையில் அவன் பக்கத்தில் என்னால் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஞாயிறு காலை 4 மணிக்கு எழுந்தபோது வெளியே காற்று சுழன்றடித்தது. மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் இந்த விடியற்காலைப் புயல் மழையைச் ‘சுமத்ரா’ என்பார்கள். மேற்குக் கரையில் இருப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். விடிவதற்கு முன்னால் வரிசை கட்டி வரும், ஓரிரு மணி நேரம் கொட்டும், பிறகு தூறலாக இழுத்துக்கொண்டு நிற்கும். நம் ஊர் மழை மாலையில்தான் வரும் என்று நினைத்துக் காலையில் போட்டி வைப்பவர்களை இது அவ்வப்போது ஏமாற்றிவிடும்.

தொடக்க இடத்தில் 5.45 மணிக்குக் காரை நிறுத்தினோம். மழை ஓரளவு குறைந்திருந்தது. தார்ச் சாலை விளக்கொளியில் கண்ணாடி மாதிரி மின்னியது. மச்சான் சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு, கார் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். அவனுடைய பழைய அலுமினியச் சக்கரங்கள் அங்கே கிடந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அவன்தான் எடுத்து வந்திருந்தான்.

“மாமா, பழைய வீலைப் போட்டுக்கலாமா?”

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

கார்பன் ரிம் மழையில் பிரேக் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பலருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அலுமினிய ரிம்மும் ஈரத்தில் தாமதிக்கத்தான் செய்யும். ஆனால் கட்டை நீரைத் துடைத்ததும் பிடித்துவிடும். கார்பனில் அந்தத் தாமதம் நீளும். கையில் பிரேக்கை அழுத்தியபடியே, ஒன்றும் நடக்காமல் நாம் போய்க்கொண்டிருப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறோம். இரண்டு வினாடி பிரேக் பிடிக்கவில்லை என்றால் 28 மீட்டர் போய்விடும். அது வளைவுக்கு முந்தின 28 மீட்டராக இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் தெரிந்தும், மணியைப் பார்த்தேன். சக்கரம் மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் பிரேக் கட்டைகளையும் மாற்ற வேண்டும், கம்பியை இழுத்துச் சரிசெய்ய வேண்டும், கியரையும் பார்க்க வேண்டும். இருட்டில், தூறலில், கால் மணி நேரமாவது ஆகும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது; வெளியே சொல்ல வெட்கம். என் சக்கரத்தில் என் மச்சான் முன்னணியில் ஏறுவதைப் பார்க்க எனக்கு ஆசை.

“வேணாம்லா. மழை விட்டுரும்” என்றேன்.

மூத்தவன் சொன்னால் அவன் மறுத்துப் பேச மாட்டான். சரி மாமா என்று பின்கதவைச் சாத்தினான்.

7 மணிக்குப் போட்டி தொடங்கியது. முதல் சில கிலோமீட்டர் பெருங்கூட்டமாகப் போனோம். கூட்டத்தின் நடுவில் போனால் முன்னால் போகிறவர்கள் காற்றைத் தடுத்துக்கொள்வதால் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று சக்தி மிச்சமாகும். காய்ந்த சாலையில் அது சுகம். ஈரத்தில் அதற்கு ஒரு விலை உண்டு. முன்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் நேராக முகத்தில் விழும். மணலும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த தண்ணீர். கண்ணாடி போட்டால் தெரியாது, கழற்றினால் எரியும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகள், சாக்கடை இரும்பு மூடிகள், உதிர்ந்த இலைகள் எல்லாமே சோப்புத் தேய்த்தது போல் வழுக்கும். அவற்றின் மேல் ஏறினால் நேராகப் போக வேண்டும், திருப்பவும் கூடாது, பிரேக் தொடவும் கூடாது. கூட்டத்தில் எல்லாரும் வழக்கத்தைவிட இடைவெளி விட்டு ஓட்டினார்கள். பேச்சுச் சத்தமே இல்லை. டயர் தண்ணீரைக் கிழிக்கும் ஒரே ஓசைதான்.

ஏற்றம் தொடங்கியதும் மழை மீண்டும் வலுத்தது. ஏறும்போது மழை தொந்தரவு இல்லை. சொல்லப்போனால் நல்லது. உடம்பு சூடாகிறது, மழை குளிர்விக்கிறது, வேகம் குறைவு என்பதால் வழுக்கும் பயமும் இல்லை. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவன் மெல்ல எழுந்து மிதித்தான். அடுத்த வளைவில் அவனுடைய ஆரஞ்சு நிற மழைச் சட்டை மறைந்தது. நாங்கள் இருவரும் ஒரே கடையில், ஒரே நிறத்தில் வாங்கிய சட்டை அது.

எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உச்சியை நெருங்கும்போது என்னுடன் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லையில் மழைக்கோட்டு அணிந்த கண்காணிப்பாளர் ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டி, “லிச்சின்! லிச்சின்! பெர்லஹான்!” என்று கத்திக்கொண்டிருந்தார். வழுக்குகிறது, மெதுவாக. “முதல் கூட்டம் போய் எவ்வளவு நேரம்?” என்று மலாயில் கேட்டேன். பத்து நிமிடம் இருக்கும் என்றார். ஆரஞ்சுச் சட்டை ஒருவன் முதல் பதினைந்து பேருக்குள் இருந்தான் என்றும் சொன்னார்.

இறக்கத்தின் முதல் வளைவுக்கு முன்னால், என் முன்னே போனவர் பிரேக்கை அழுத்தினார். அவருடையதும் கார்பன் ரிம், ரிம் பிரேக். ஈரத்தில் கட்டை உரசும்போது வருமே, கூரான அந்த அலறல், அது கேட்டது. சத்தம் வந்தது, வேகம் குறையவில்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி. பிறகுதான் பிடித்தது. அவர் சாலையின் வெளி ஓரம்வரை போய்த் தப்பித்துத் திரும்பினார்.

என் வயிற்றில் ஏதோ இறங்கியது. மழை விட்டுரும் என்று நான் சொன்னது காதில் கேட்டது.

அந்த இறக்கத்தை நான் பலமுறை ஓட்டியிருக்கிறேன். அன்று ஓட்டியது போல் ஒருபோதும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் சாலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தைப் பார்த்தேன். புல்லில் ஆரஞ்சு நிறம் தெரிகிறதா? இரும்புத் தடுப்புக்கு அப்பால் சக்கரம் ஏதாவது தெரிகிறதா? ஈரச் சாலையில் எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் சைக்கிள் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குப் போகும். இதைப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நான்காவதோ ஐந்தாவதோ வளைவு. ஓரத்தில் ஒரு சைக்கிள் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டை.

எப்படி நிறுத்தினேன், எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மச்சான் இல்லை. ஐம்பது வயதிருக்கும் ஒரு மலாய்க்காரர். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தார். ஓர் இளம்பெண் சைக்கிளோட்டி அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அசையாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் இல்லை என்று தெரிந்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அடிபட்டுக் கிடக்கும் ஒரு மனிதரின் முன்னால் நின்றுகொண்டு நிம்மதிப்பட்டேன். அது எப்படிப்பட்ட நிம்மதி என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

அந்தப் பெண் நிமிர்ந்து, “அண்ணே, இவரை நான் பார்த்துக்கிறேன். மேல போய் யாராவது நிக்கணும். வர்றவங்க நேரா இவர் மேலயே ஏறிடுவாங்க” என்றாள். தமிழ்ப் பெண். என் முகத்தைப் பார்த்தே தமிழன் என்று தெரிந்துகொண்டிருக்கிறாள்.

சரியான பேச்சு. வளைவுக்கு முன்னால் யாராவது நின்று எச்சரிக்காவிட்டால், அடுத்து வருகிறவருக்கு இவர் கிடப்பது தெரியாது. ஆனால் என் கால் கீழே போகத் துடித்தது. கீழே எங்கோ என் மச்சான், என் சக்கரத்தில், என் பேச்சைக் கேட்டு இறங்கிக்கொண்டிருக்கிறான். அல்லது இறங்கி முடித்துவிட்டான். அல்லது முடிக்கவில்லை.

ஏறிப் போய் நின்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று பின்னால் கணக்குப் பார்த்தால் 12 நிமிடம். வளைவுக்கு மேலே, மழையில், இரண்டு கையையும் ஆட்டி, “பெர்லஹான்! ஆடா ஓராங் ஜாத்தோ!” என்று கத்தினேன். ஒருவர் விழுந்து கிடக்கிறார், மெதுவாகப் போங்கள். முப்பது நாற்பது பேர் கடந்து போயிருப்பார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் திட்டினார்கள். எனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. வெப்பநாட்டில் குளிருமா என்று கேட்கலாம். நனைந்த உடம்பு, இறக்கத்தின் காற்று, அசையாமல் நிற்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் நம் ஊரிலும் விரல் விறைக்கும். அதற்காகத்தான் மழைச் சட்டையே. அதைவிட, பயத்துக்கும் குளிர் உண்டு என்று அன்று தெரிந்தது.

மோட்டார் சைக்கிளில் கண்காணிப்பாளரும் பின்னாலேயே ஆம்புலன்ஸும் வந்தன. காறை எலும்பு முறிந்திருக்கலாம், மற்றபடி நினைவு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்த மனிதர், சைக்கிளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கவலைப்பட்டார். சைக்கிள்காரர்கள் எல்லாரும் ஒரே சாதிதான்.

மீண்டும் ஏறி இறங்கினேன். நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இரண்டு வளைவு தாண்டினேன். சாலையோரப் புல்லில் ஒருவன் நடந்து போய்க்கொண்டிருந்தான். ஆரஞ்சுச் சட்டை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். போட்டிக் காலணியின் அடியில் பிளாஸ்டிக் கட்டை இருப்பதால் ஈரச் சாலையில் நடக்க முடியாது; அதனால் காலணி இரண்டையும் கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிட்டு, காலுறையுடன் நடந்துகொண்டிருந்தான்.

என் குரல் கேட்டுத் திரும்பினான். அவன் சொன்ன முதல் வார்த்தை:

“கோவிச்சுக்காதீங்க மாமா.”

எனக்குப் பேச்சு வரவில்லை.

“ரெண்டாவது வளைவுல பிரேக் புடிச்சேன், ஒண்ணுமே நடக்கல. நல்ல வேளை, ஓரத்துல புல்லு இருந்துச்சு. அதுல ஏத்தி நிறுத்திட்டேன். திரும்ப ஏறி ஓட்டலாமான்னு பார்த்தேன். இன்னும் எவ்வளவோ வளைவு இருக்கு. எதிர்ல கார் வேற வருது. முடியாது மாமான்னு எனக்கே சொல்லிக்கிட்டு இறங்கிட்டேன். பதினாலாவதா இருந்தேன். எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க.”

அவன் கண் கலங்கியிருந்தது. மழைத்தண்ணீர் என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் நினைத்ததால், அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நம் குடும்பங்களில் மூத்தவர்கள் இளையவர்களிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கத்தில் இல்லை. “சரி விடு, சாப்பிடு” என்பதுதான் நம் மன்னிப்பு. அன்று அது போதாது என்று பட்டது. “காலையில நீ கேட்டது சரி. நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரிஞ்சே சொன்னேன்” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் சைக்கிளின் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினான்.

இருவரும் சேர்ந்து நடந்தோம். கொஞ்ச நேரத்தில் கடைசியாக வரும் வேன் வந்தது. நேரம் தாண்டியவர்களையும் முடியாதவர்களையும் ஏற்றிக்கொள்ளும் வேன். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, ஏறுகிறீர்களா என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தான். நான் இதுவரை எந்தப் போட்டியிலும் அந்த வேனில் ஏறியதில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன். என்னுடைய டிஸ்க் பிரேக்கில் நான் ஓட்டி முடித்திருக்கலாம். ஏறினேன். உள்ளே ஏற்கெனவே ஏழு பேர், ஒருவர் மடியில் ஒருவர் சாமான். ஒருவர் வாழைப்பழம் கொடுத்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைவான இடம் ஜெலெபு என்று பள்ளியில் படித்திருப்போம். சுற்றிலும் மலை, மழை மேகத்தை அவை தடுத்துவிடும். வேன் தித்தி பக்கம் இறங்கியபோது சாலை காய்ந்து கிடந்தது. வெயில் அடித்தது. முடிவிடத்தில் பதக்கத்துடன் நின்றவர்கள் எங்கள் சேற்றைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். ஆபத்து என்பது அந்தச் சில கிலோமீட்டர் மட்டும்தான். அதைத் தாண்டியவருக்கு அது கதை. தாண்டாதவருக்கு அப்படி இல்லை.

அன்றிரவு எனக்கு ஒரு பழைய போட்டி நினைவுக்கு வந்தது. 1980-ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் நடந்த லியேஜ்–பஸ்தோன்–லியேஜ். பனி கொட்டிய நாள். பிரான்ஸின் பெர்னார் இனோ ஒன்பது நிமிடத்துக்கும் அதிக இடைவெளியில் வென்றார். குளிரில் அவருடைய இரண்டு விரல்களில் உணர்வு முழுமையாகத் திரும்பவே இல்லை என்பார்கள். சைக்கிள் பிரியர்கள் அந்த வெற்றியைப் புராணம் போல் சொல்வோம். நானும் மச்சானுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று கிளம்பியவர்கள் 174 பேர். முடித்தவர்கள் 21 பேர். மீதி 153 பேரைப் பற்றி நான் ஒருநாளும் பேசியதில்லை. அவர்கள் வாரக்கடைசி விளையாட்டுக்காரர்கள் அல்லர். இதையே தொழிலாகச் செய்தவர்கள். இன்று முடியாது என்று இறங்கி, அடுத்த வாரம் வேறொரு போட்டியில் மீண்டும் சைக்கிளில் ஏறியவர்கள். நம் கதைகளில் அவர்களுக்கு இடமில்லை.

தமிழில் ‘இறங்குவது’ என்றால் மலையிலிருந்து கீழே வருவதும்தான், சைக்கிளை விட்டுத் தரையில் கால் வைப்பதும்தான். முதலாவதைக் கற்றுக்கொள்ளத்தான் எல்லாரும் பயிற்சி எடுக்கிறோம். இரண்டாவதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. நானும் கொடுக்கவில்லை. அவனாகக் கற்றுக்கொண்டான்.

மழையில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அனுபவத்தில் சொல்ல சில விஷயங்கள் இருக்கின்றன. டயரில் காற்றை வழக்கத்தைவிட ஐந்து முதல் பத்து பிஎஸ்ஐ குறைத்துக்கொள்ளுங்கள், பிடிமானம் கூடும். ரிம் பிரேக் என்றால் அலுமினியச் சக்கரம்தான். எந்தப் பிரேக்காக இருந்தாலும் வளைவுக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டு நீரைத் துடைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு அழுத்தாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதை மறக்காதீர்கள். வெயில் நாளுக்குப் பிறகு விழும் முதல் மழைதான் மோசமானது. சாலையில் படிந்திருக்கும் எண்ணெய் அப்போதுதான் மேலே வரும். பின்விளக்கு பகலிலும் எரியட்டும். இடி கேட்டால் போட்டியாவது ஒன்றாவது, கூரை தேடுங்கள், மரத்தடி வேண்டாம். கிளம்புவதற்கு முன் வானிலை ரேடாரைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட வருகிற இளையவர் ஒரு சந்தேகம் கேட்டால், மணியைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனோம். போட்டி நாளன்று தொலைபேசியில், “மழையாமே, நனைஞ்சீங்களா?” என்று கேட்டதற்கு, “லேசா அத்தை” என்று மழுப்பியிருந்தோம். சாப்பிடும்போது நடந்ததை நானே சொன்னேன். சக்கரத்தைப் பற்றியும் சொன்னேன். மச்சான் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கல்யாணமான புதிதிலிருந்து இருபது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரசத்தை என் தட்டில் ஊற்றிவிட்டுச் சொன்னார்:

“காலையில பெரட்டுக்குப் போகும்போதே வானத்தைப் பார்ப்போம். மழைன்னா மரத்துல கத்தி வைக்க மாட்டோம். ஈரப்பட்டையில வெட்டுனா மங்குல பாலும் நிக்காது, மரமும் கெட்டுப் போயிடும். வெட்டலைன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. வீட்டுல நாலு புள்ளைங்க. இருந்தாலும் வெட்ட மாட்டோம். ஒரு நாள் சம்பளத்துக்காக மரத்தையே விடுவாங்களா மாப்பிள்ளை?”

திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

பிறகு மகனைப் பார்த்து, “அடுத்த போட்டி எப்போ?” என்று கேட்டார். அவன் சிரித்துவிட்டான்.

கார்பன் சக்கரங்கள் மீண்டும் என் ஸ்டோர் அறையில் இருக்கின்றன. விற்கவில்லை. காய்ந்த நாட்கள் வரும், அப்போது அவன் போட்டுக்கொண்டு பறக்கட்டும். போன ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு அவனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. “மாமா, இன்னிக்கு எந்த வீல்?”

பதில் எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன். “வெளியே போய் வானத்தைப் பாரு. நீயே சொல்லு” என்று அனுப்பினேன்.

சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது. “மேகமா இருக்கு. பழைய வீல்.”

நானும் வெளியே போய்ப் பார்த்தேன். மேகமாகத்தான் இருந்தது.